சீரியல் லைட் கண்ட்ரோலர்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள்

கிறிஸ்துமஸுக்கு வெளியே சீரியல் லைட் போடும் டிசம்பர், நம் ஊரில் வடகிழக்கு மழைக்காலமும்கூட. நான்கைந்து கண்ட்ரோலர்களைத் தனித்தனியாகப் பாலிதீன் பையில் சுற்றித் தொங்கவிடாதீர்கள். பைக்குள் சூடு தேங்கும், ஈரம் வியர்க்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கொஞ்சம் பெரிதாகவே வாங்கி, சன்ஷேடுக்குக் கீழே, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் சுவரில் அடியுங்கள்.

முக்கியமானது ஒயர் வரும் வழி. மேலேயோ பக்கத்திலோ துளை வேண்டவே வேண்டாம். மூடி வந்து உட்காரும் கீழ் விளிம்பில் அரைவட்டமாக வெட்டி, ஒயரை அதில் படுக்கவைத்து, ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டி மூடுங்கள். பிளக்கை வெட்ட வேண்டியதில்லை. வெளியே ஒயர் சற்றுத் தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

உள்ளே எக்ஸ்டென்ஷன் போர்டைப் பின்சுவரில் திருகுங்கள், அடியில் கிடத்தாதீர்கள். கண்ட்ரோலர்களுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி போதும். ஒவ்வொன்றிலும் 'மாடி', 'கேட்', 'ஸ்டார்' என்று எழுதி ஒட்டினால் எது எரியவில்லை என்று தேட வேண்டாம். அப்புறம், இந்த லைனுக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் கட்டாயம். குழந்தைகள் தொடும் இடம், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.