எழுத்தில் உங்கள் குரல் கேட்க

எழுதத் தொடங்குவதற்கு முன், சொல்ல வந்த செய்தியை நெருக்கமான ஒருவரிடம் சொல்வதாக எண்ணிக்கொண்டு, கைப்பேசியில் இரண்டு மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பிறகு அதைக் கேட்டு, ஒரு சொல்லையும் திருத்தாமல், கொச்சையாகவே தாளில் இறக்குங்கள். அது கட்டுரை ஆகிவிடாது. ஆனால் எதை முதலில் சொன்னீர்கள், எங்கே தயங்கினீர்கள், எதை இரண்டு முறை அழுத்தினீர்கள், எதைப் போகிற போக்கில் தொட்டுச் சென்றீர்கள் என்பவை எல்லாம் அதில் பதிந்திருக்கும். நேராக எழுத உட்காரும்போது முதலில் காணாமல் போவது இந்த வரிசைதான்.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு வேறாக இருப்பதால், சொந்தக் குரலில் எழுதுவது என்றால் பேச்சு வழக்கில் எழுதுவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அதற்குத் தயங்குபவர்களோ நேர் எதிர்ப்பக்கம் சென்று அறிக்கைத் தமிழுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். இரண்டும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. “அவரு வந்தாருன்னு சொன்னாங்க, ஆனா நான் பாக்கவே இல்ல” என்று ஒருவர் பேசியதாகக் கொள்வோம். எழுத்துக்கு வரும்போது இது, “அவருடைய வருகை குறித்துத் தகவல் தெரிவிக்கப்பட்டபோதிலும் நேரில் காண இயலவில்லை” என்று மாறிவிடுகிறது. பேசியவரே இதில் இல்லை. “அவர் வந்தார் என்று சொன்னார்கள், ஆனால் நான் பார்க்கவே இல்லை” என்று எழுதினால் இலக்கணத்தில் ஒரு குறையும் வராது, பேசியவரும் அங்கேயே இருப்பார். மாற்ற வேண்டியது சொற்களின் ஒலி வடிவத்தை மட்டும்தான். வாக்கியம் சென்ற வரிசையையும், “பார்க்கவே” என்பதில் உள்ள ஏகாரத்தையும் தொடக் கூடாது.

அந்த ஏகாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேசும்போது குரலை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டும் உணர்வை, எழுத்தில் பெரும்பாலும் சுமப்பவை ஏ, ஓ, தான், கூட போன்ற சின்னஞ்சிறு சொற்களே. “நேற்றுத்தான் வந்தார்”, “நேற்றே வந்தார்”, “நேற்றுக்கூட வந்தார்” என்ற மூன்றிலும் வந்தவரும் வந்த நாளும் மாறவில்லை. சொல்பவரின் மனநிலை மூன்றிலும் வேறு. திருத்தும்போது இவற்றை மிகை என்று எண்ணி முதலில் நீக்கிவிடுகிறோம். அது பெரிய இழப்பு.

அடுத்தது வினைமுற்று. தமிழில் “பார்த்தேன்” என்றாலே பார்த்தவர் யார் என்பது விளங்கிவிடும். ஆகவே குரல் தெரிய வேண்டும் என்பதற்காக வரிக்கு வரி “நான்” என்று எழுத வேண்டியதில்லை. ஆனால் “கருதப்படுகிறது”, “உணரப்பட்டது”, “மேற்கொள்ளப்பட்டது” என்று எழுதும்போது அந்த ஆளை நாமே அழித்துவிடுகிறோம். செய்தவர் யார் என்று தெரியாத இடத்தில் செயப்பாட்டு வினை தேவைதான். மற்ற இடங்களில், யார் கருதுகிறார்கள் என்று உங்களையே கேட்டுக்கொண்டு, நீங்கள்தான் என்றால் “கருதுகிறேன்” என்று எழுதிவிடுங்கள். அப்படி எழுத மனம் கூசினால், அந்தக் கருத்தில் உங்களுக்கு இன்னும் உறுதி வரவில்லை என்று பொருள்; அந்தத் தயக்கத்தையே எழுதலாம், வாசகர் அதை மதிப்பார்.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய 10 குற்றங்களை வகுக்கும்போது “வெற்றெனத் தொடுத்தல்” என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். பொருளற்ற சொற்களைக் கோத்துக்கொண்டு போவது அது. “என்றால் மிகையாகாது”, “என்பதில் ஐயமில்லை”, “இன்றைய அவசர உலகில்” போன்ற தொடர்களை நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். எத்தனையோ கைகள் தொட்டுத் தேய்ந்துபோனவை என்பதால், அவை எழுதியவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அவற்றை நீக்கினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் நீங்கள் கண்டதை வைக்க வேண்டும். மறைந்த ஆசிரியர் ஒருவரைப் பற்றி “அன்பின் உருவமாகத் திகழ்ந்தார்” என்று யாரும் எழுதலாம். “பதில் தெரியாமல் நிற்கும் மாணவனின் முகத்தைப் பார்க்காமல், சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருப்பார்” என்பதை அவரிடம் படித்தவர்தான் எழுத முடியும். அவருடைய அன்பு அதில் இருக்கிறது. அதைக் கவனித்து வைத்திருந்த உங்கள் கண்ணும் இருக்கிறது. நல்ல சொல்லைத் தேடுவதற்கு முன் கண்டதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விரும்பிப் படிக்கும் எழுத்தாளரின் நடை நம் கையில் ஒட்டிக்கொள்வது இயல்பு. அதற்கு அஞ்சிப் படிப்பதை நிறுத்த வேண்டாம். எழுதியதை ஒரு வாரம் எடுத்து வைத்திருந்து, பிறகு வாய்விட்டுப் படித்தால் இரவல் வரிகள் நாவில் தடுக்கும். விண்ணப்பத்திலும் இரங்கல் குறிப்பிலும் நடை மாறுவதைப் பற்றியும் கவலை வேண்டாம்; மேலதிகாரியிடம் ஒருவிதமாகவும் குழந்தையிடம் வேறுவிதமாகவும் பேசுபவர் ஒருவரேதான்.

திருத்தும் வேலையை இரண்டு சுற்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று சந்திப்பிழைக்கும் எழுத்துப்பிழைக்கும் உரியது. இரண்டாம் சுற்றில், தொடக்கத்தில் பேசிய பதிவை மீண்டும் கேட்டு, அதில் உயிரோடு இருந்து கட்டுரையில் காணாமல் போன ஒரு வரியையாவது மீட்டுக்கொண்டு வாருங்கள். அதன் பின், உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம் கட்டுரையைக் கொடுத்து, நீங்கள் பேசுவது போல் தோன்றாத வரிகளின் கீழ் கோடிட்டுத் தரும்படி மட்டும் கேளுங்கள். காரணம் சொல்லும்படி கேட்க வேண்டாம். கோடு விழுந்த வரிகளை அங்கங்கே ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய முயலாமல், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் என்ன சொல்ல வந்தீர்கள் என்பதை அவரிடமே வாயால் சொல்லுங்கள். சொன்னதை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.