இசை இரவில் போதைப்பழக்கத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற நகரில் இசை இரவு நடக்கும்போது, திடலில் கூடுபவர்கள் முகமறியாக் கூட்டம் அல்லர். செம்பனைத் தோட்டத்து லயங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தவரும், ஈப்போவில் வேலை பார்த்துவிட்டு வார இறுதிக்கு வீடு திரும்பியவரும் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களாக இருப்பார்கள். இவர்களுள் எத்தனை பேர் போதைப்பொருள் எடுக்கிறார்கள் என்று அறிய விரும்பும் இளைஞர் மன்றங்கள், பெருநகர விழாக்களுக்கென எழுதப்பட்ட கேள்வித்தாளை அப்படியே எடுத்துவந்தால் கணக்கு தொடக்கத்திலேயே கோணிவிடும்.

கேட்பவர் யார் என்பதைப் பொருட்படுத்தாமல் விடுவதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. கிராணியின் (தோட்டத்து எழுத்தர்) மகளோ கோயில் தலைவரின் தம்பியோ தாளும் பேனாவுமாக நின்று, "தம்பி, நீ சியாபு (மெத்தாம்பெட்டமைன்) எடுத்ததுண்டா?" என்று கேட்டால், வரும் பதில் பழக்கத்தை அளக்காது, வீட்டுக்குச் செய்தி போய்விடுமோ என்ற அச்சத்தைத்தான் அளக்கும். அந்த அச்சம் வீண் அச்சமும் அன்று. 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொண்டதற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம். "பெயரை எழுத மாட்டோம்" என்ற உறுதிமொழியும் போதாது. வயது, தோட்டத்தின் பெயர், வேலை ஆகிய மூன்றையும் எழுதிவிட்டால் சிறிய ஊரில் ஆளை அடையாளம் காணப் பெயர் தேவைப்படாது. ஆகவே கேட்பவர் வெளியூர்க்காரராக இருப்பதும், பதிலளிப்பவர் தாமே தாளை நிரப்பிப் பூட்டிய பெட்டியில் போடுவதும், தோட்டத்தின் பெயரைக் கேட்காமலே விடுவதும் நல்லது.

இன்னும் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. 1965-இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த முறை அது. பதிலளிப்பவர் மறைவில் ஒரு நாணயத்தைச் சுண்டுவார். பூ விழுந்தால் எதையும் யோசிக்காமல் "ஆம்" என்று எழுதுவார், தலை விழுந்தால் உண்மையை எழுதுவார். 400 பேரில் ஏறத்தாழ 200 பேருக்குப் பூ விழும். மொத்தம் 240 "ஆம்" வந்திருந்தால், மிஞ்சும் 40 பேர் தலை விழுந்த 200 பேரைச் சேர்ந்தவர்கள். அதாவது 20 விழுக்காடு. எந்தத் தனிமனிதரின் "ஆம்" உண்மையானது என்பது கேட்டவருக்கும் தெரியாது, கிராணிக்கும் தெரியாது.

அடுத்த தவறு சொற்களில் இருக்கிறது. "போதைப்பொருள் எடுத்தீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால், போதையூட்டும் கெத்தும் நீர் குடிப்பவர் "இல்லை" என்றே சொல்வார், அவருக்கு அது மரத்து இலையை அவித்த நீர். கஞ்சா, சியாபு, எக்ஸ்டசி மாத்திரை, கெத்தும் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வாழ்நாளில் எப்போதாவது, கடந்த 12 மாதங்களில், இன்றிரவு என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். அவற்றின் விடைகளை ஒரே விழுக்காடாகக் கலக்கக் கூடாது. விளையாட்டுக்கு எல்லாவற்றுக்கும் "ஆம்" போடுபவர்களும் உண்டு. அவர்களைக் கண்டறிய, பிரிட்டனின் கணக்கெடுப்புகளில் "செமரான்" என்ற இல்லாத பொருளின் பெயரையும் பட்டியலில் சேர்த்தார்கள்.

பொய் சொல்லாதவரும் தவறாகச் சொல்லக்கூடும். நியூயார்க்கில் இரவு விடுதிகளுக்கும் விழாக்களுக்கும் செல்வோருள் எக்ஸ்டசி எடுத்ததாகச் சொன்னவர்களின் தலைமுடியைச் சோதித்தபோது, புதுவகைச் செயற்கைப் போதைப்பொருள்களைத் தொட்டதே இல்லை என்று சொன்னவர்களுள் பத்தில் நான்கு பேரின் முடியில் அவை இருந்தன. மாத்திரையில் என்ன கலந்திருந்தது என்று விழுங்கியவருக்கே தெரியவில்லை.

அப்படியானால் சோதனையே போதுமே என்று எண்ணுவதும் தவறுதான். எக்ஸ்டசி சிறுநீரில் சில நாள்களே தென்படும். அன்றாடம் கஞ்சா புகைப்பவரின் சிறுநீரிலோ அது வாரக்கணக்கில் தங்கும். எனவே திடலில் எடுத்த சிறுநீர் மாதிரி, அந்த இரவின் பழக்கத்தைக் காட்டுவதாகக் கொள்ள முடியாது. கழிவுநீரை ஆராய்ந்தாலும், போலீசைக் கண்டு கழிவறையில் கொட்டிய மாத்திரைகள் உட்கொண்டவையாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

யாரைக் கேட்பது என்பதில், பானக் கடை ஓரம் நிற்பவர்களையும் அவர்கள் அழைத்துவரும் நண்பர்களையும் மட்டும் கேட்பது எளிது, பயனற்றது. வாயிலில் ஒவ்வொரு பத்தாவது நபரையும் கேளுங்கள், மறுத்தவர்களையும் எண்ணுங்கள். நிலைதடுமாறியவரின் சம்மதம் சம்மதம் ஆகாது என்பதால், நள்ளிரவைவிட நுழைவு நேரமே ஏற்றது. 100 பேரிடம் கேட்டு 20 விழுக்காடு வந்தால், உண்மை 12-க்கும் 28-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம்.

கைதுகளையும் மரணங்களையும் அளவுகோலாக்குவது இன்னொரு வழுக்கல். 2014 மார்ச்சில் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் நடந்த ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல் ஏசியாவில் ஆறு பேர் இறந்தனர். மூன்றாம் நாள் விழா நிறுத்தப்பட்டது. அந்த ஆறு என்ற எண்ணை வைத்துக்கொண்டு, திடலில் இருந்த ஆயிரக்கணக்கானோருள் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று எவராலும் கணிக்க இயலாது.

கடைசியாக, அறிக்கையின் தலைப்பு. ஓர் இரவில் திடலுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை "தோட்டத்துத் தமிழ் இளைஞர்களின் நிலை" என்று அச்சாகிவிட்டால், அன்று வீட்டில் இருந்தவர்களும் இரவு ஷிப்டுக்குப் போனவர்களும் கேட்கப்படாமலே கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். நாள், வாயில், கேட்கப்பட்டோர், மறுத்தோர், எந்தக் காலத்துப் பழக்கம் ஆகிய ஐந்தும் முதல் வரியிலேயே, விழுக்காட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்.