ரோஹ்ஸ் விதி: மின்னணுத் தயாரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின், மின்னணுக் கருவிகளில் ஈயம், காட்மியம் போன்ற நச்சுப் பொருள்களின் அளவுக்கு வரம்பு விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹ்ஸ் (RoHS) விதி 2006 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவிலும் மின்கழிவு விதிகளின் வழியாக 2014 மே முதல் இத்தகைய வரம்புகள் உள்ளன. ஆனாலும் வரம்பை எதன் எடையில் கணக்கிடுவது என்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். ஈயம் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, காட்மியம் 0.01 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் முழுக் கருவியின் எடைக்கு அல்ல. வெட்டியோ சுரண்டியோ அரைத்தோ மேலும் பிரிக்க முடியாத ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் அந்த வரம்பு தனித்தனியே பொருந்தும். ஒரு கேபிளில் பிவிசி மேலுறை தனி, செம்புக் கம்பி தனி, அதன் மேல் பூசிய வெள்ளீயம் தனி. நெதர்லாந்து 2001-இல் சோனியின் பிளேஸ்டேஷன் சரக்கைத் தடுத்து நிறுத்தியது ரோஹ்ஸ் வருவதற்கு முன்பே என்றாலும், அதற்குக் காரணம் கேபிள்களில் இருந்த காட்மியம்தான்.

சோதனையில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது. எக்ஸ் கதிர் பாய்ச்சிச் சோதிக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (XRF) கருவி தனிமங்களை மட்டுமே காட்டும். மஞ்சள் பூச்சுள்ள திருகில் குரோமியம் இருப்பதை அது சொல்லுமே தவிர, அது தடைசெய்யப்பட்ட ஆறு இணைதிற குரோமியமா என்பதைச் சொல்லாது. 2019 ஜூலை முதல் ஐரோப்பாவில் கட்டுப்பாட்டுக்குள் வந்த நான்கு தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள்) அதன் கண்ணில் படவே படாது; அவற்றுக்கு ஆய்வகச் சோதனைதான் வழி. மேலும், தாலேட்டு ஒரு பிளாஸ்டிக்கிலிருந்து அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மற்றொன்றுக்கு மெல்லப் பரவக்கூடியது. ஆகவே சோதனையில் தேறிய கேபிளைப் பழைய பிவிசி உறைகளோடு சேர்த்து அடுக்கி வைப்பது கூடாது.

ஈயமில்லாத சால்டருக்கு (பற்றாசுக்கு) மாறும்போது சால்டரை மட்டும் மாற்றினால் போதாது. 63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு ஈயமும் கொண்ட பழைய 63/37 கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். வெள்ளி, செம்பு கலந்த எஸ்ஏசி305 உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். அந்தக் கூடுதல் வெப்பத்தைத் தாங்காத உதிரிபாகங்கள் பழுதாகும். பழுதுபார்க்கும் மேசையில் பழைய ஈயச் சால்டர் ஒட்டிய பற்றவைப்புக் கோலின் முனையையே மீண்டும் பயன்படுத்தினால், ஒரே இணைப்பில் வரம்பு மீறப்பட்டுவிடலாம்.

விலக்குகளையும் நிரந்தரமாக எண்ணக் கூடாது. பித்தளை போன்ற செம்புக் கலவைகளில் 4 விழுக்காடு வரை ஈயத்துக்கு அளிக்கப்பட்டது போன்ற விலக்குகள் காலக்கெடுவுக்கு உட்பட்டவை. அவ்வப்போது மறுபரிசீலனை செய்யப்படுபவை. எந்தப் பாகம் எந்த விலக்கைச் சார்ந்திருக்கிறது என்று பட்டியலிட்டு வைக்காத நிறுவனம், கெடு முடியும்போது தடுமாறும்.

சப்ளையரின் சான்றிதழைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்துவிடுவது மிகவும் பரவலான பழக்கம். பாக எண் மாறாமலே முலாம் பூசும் துணை ஒப்பந்தக்காரர் மாறிவிடுவதுண்டு. மூலப்பொருளோ செய்முறையோ மாறினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கொள்முதல் ஆணையிலேயே சேர்த்துவிட வேண்டும்.