மெஷ் மூடி ஜாரில் பயறு முளைகட்டுவது: வடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது

ஊறிய பயறைத் துணியில் முடிந்து ஓர் இரவு தொங்கவிட்டால் காலையில் முளை எட்டிப்பார்க்கும். அந்தப் பழைய வழியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இன்னும் ஒரு நாள் வளரட்டும் என்று விட்டால் முளைகள் துணியின் இழைக்குள் புகுந்துகொள்கின்றன. பிரித்தெடுக்கும்போது பாதி ஒடிகிறது, துணியிலும் வாடை தங்கிவிடுகிறது. கம்பி வலை போட்ட மூடியும் ஒரு கண்ணாடி ஜாரும் இருந்தால் இந்தத் தொல்லை கிடையாது. மூடியைத் திறக்காமலே ஊறவைக்கலாம், அலசலாம், வடிக்கலாம்.

மூடியும் ஜாரும்

ஆன்லைனில் வரும் மெஷ் மூடிகள் பெரும்பாலும் அகல வாய் மேசன் ஜாருக்கானவை (திருகு மூடி போட்ட கெட்டியான கண்ணாடி ஜார்). மூடியின் அளவு 86 மி.மீ. சின்ன வாய் ஜாருக்கு 70 மி.மீ. வீட்டில் இருக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கு இவை அனேகமாகச் சேராது, அதனால் ஜாரோடு சேர்ந்த செட்டாகவே வாங்குங்கள். அகல வாய்தான் என் தேர்வு, கையை உள்ளே விட்டுத் தேய்க்கலாம். வலை 304 தர எவர்சில்வர், சுற்று வளையம் பிளாஸ்டிக் என்று இருந்தால் நல்லது. தகர வளையம் எப்போதும் ஈரத்தில் இருப்பதால் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

மூடி கிடைக்காதவர்களுக்கு மல்மல் துணியும் ரப்பர் பேண்டும் போதும். கொசுவலையை வெட்டிக் கட்ட வேண்டாம். சில வலைகளில் பூச்சிமருந்து ஏற்றியே விற்கிறார்கள்.

ஊறவைப்பது

மளிகைக் கடைப் பச்சைப் பயறு போதும். விதைப்புக்கென்று விற்கும் பயறில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கலாம், அது சமையலறைக்கு ஆகாது. ஒரு லிட்டர் ஜாருக்கு அரை ஆழாக்கு போடுங்கள். குறைவாகத் தெரியும், ஆனால் முளைவிட்டதும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பச்சைப் பயறு 8 மணி நேரம் ஊறினால் போதும். கொண்டைக்கடலைக்கும் கொள்ளுக்கும் 12 மணி நேரம். ஊறிய பின்னும் சின்னதாகக் கல்போல் கிடப்பவற்றைப் பொறுக்கிவிடுங்கள். அவை முளைக்காது, பல்லையும் பதம் பார்க்கும்.

வடிப்பது

ஜாரைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டிவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும். அப்போது வலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணிலும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று நிற்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் படலம் இருக்கும் வரை வலை மூடி சாதாரண மூடிதான், காற்று போகாது.

முளைக்கும் விதை மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. காற்றோட்டம் நின்று, தண்ணீரும் தேங்கினால் மறுநாள் புளித்த வாடையும் வழவழப்பும் வந்துவிடும். "பயறு சரியில்லை" என்று கடைக்காரரைக் குறை சொல்லும் முன் இந்தப் படலத்தைப் பாருங்கள். என் வீட்டில் வாடை வந்ததற்கும் இதுதான் காரணமாக இருந்தது.

அதனால் நான் செய்வது இப்படி. கவிழ்த்த ஜாரை இரண்டு மூன்று முறை வெடுக்கென்று உதறுவேன். வலையின் வெளிப்பக்கத்தை விரலால் தட்டி, சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பேன். படலம் உடைந்துவிடும். அப்புறம் ஜாரைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டினால் பயறு சுவரெங்கும் ஒட்டிப் பரவும். வாய் கீழாக, 45 டிகிரி வாக்கில் சாய்த்து வைக்க வேண்டும். நேராகக் கவிழ்த்தால் மொத்தப் பயறும் வாயில் குவிந்து வலையை அடைத்துக்கொள்ளும். இதற்கென்று ஸ்டாண்ட் வாங்கத் தேவையில்லை, பாத்திரம் கவிழ்க்கும் கூடையே போதும்.

அலசுவது

காலையும் மாலையும் ஜார் நிறையத் தண்ணீர் விட்டுச் சுழற்றி, மேலே சொன்னபடி வடியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று, நான்கு முறை அலச வேண்டும். அடுப்புப் பக்கமும் நேர் வெயிலும் வேண்டாம். பச்சைப் பயறு ஒன்றரை, இரண்டு நாளில் தயார்.

வெந்தயத்துக்கு இரண்டு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அதன் பிசுபிசுப்பு வலையை அடைக்கும், ஆகவே முதல் நாள் கூடுதலாக அலசுங்கள். சப்ஜா, ஆளி விதை இரண்டும் ஜாருக்குச் சரிவராது, ஊறியதும் கூழாகிவிடும்.

சாப்பிடும் முன்

இதைத் தவிர்க்காமல் படியுங்கள். முளைவிடத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடித்தவை, கிருமி விதையிலேயே ஒட்டி வரலாம். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளை வழியாகப் பரவிய ஈ.கோலை தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அலசுவதால் மட்டும் இது போகாது. நான் ஆவியில் வேகவைத்தோ சுண்டலாகத் தாளித்தோதான் சாப்பிடுகிறேன். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம். ராஜ்மாவை முளைகட்டினாலும் நன்றாக வேகவைத்தே ஆக வேண்டும், பச்சையில் அது நஞ்சு.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

கேழ்வரகில் வெள்ளையாகப் பஞ்சு போல வருகிறதே, பூஞ்சையா என்று சிலர் கேட்டார்கள். வேர் நுனிக்குச் சற்று மேலே, எல்லா முளையிலும் ஒரே மாதிரி இருந்து, அலசியதும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, பயப்பட வேண்டாம். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிலந்தி வலை போலப் படர்ந்து வாடையும் அடித்தால் பூஞ்சை. மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கேழ்வரகு வலைக்கண் வழியே நழுவினால் மூடிக்குள் மல்மல் துணியை வட்டமாக வெட்டிப் போடலாம்.

சீனச் சமையலில் வருவது போலத் தடித்த நீள முளை இதில் வராது. அதற்கு இருட்டும் மேலே பாரமும் வேண்டும், அது வேறு முறை.

போர்வெல் தண்ணீர் வீடுகளில் வலையில் வெள்ளையாக உப்புப் படிந்து கண்கள் அடைபடுவதாகவும் எழுதியிருந்தார்கள். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தேயுங்கள். மாட்டியிருக்கும் வேர்த்துணுக்குகளும் அதோடு வந்துவிடும். அடுத்த முறை பயறு போடும் முன் மூடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.