மன்னிப்புக்குக் கெடு வைக்காதீர்கள்

எங்கள் வீட்டில் ரோத்தான், அதாவது பிரம்பு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். பட்டர்வொர்த்தில் அது அதிசயமில்லை. ஆனால் அப்பா அதை எடுத்தது கண்டிக்க அல்ல, வெறி தீர்க்க. எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இன்றும் பின்னால் யாராவது கதவை அறைந்து சாத்தினால் தோள் தானாகக் குறுகும்.

இப்படி வளர்ந்த விசுவாசிகள் மீண்டு வரப் பார்க்கும்போது சறுக்கும் இடங்கள் உண்டு. நானும் சறுக்கியவன்தான்.

பெரிய சறுக்கல், அவசர மன்னிப்பு. ஒரு உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னாலும் "அப்பாவை மன்னித்துவிட்டேன்" என்று சொல்ல வைத்தார்கள். சொன்னேன். கை தட்டினார்கள். அடுத்த ஞாயிறு அப்பா வீட்டில் சாப்பாடு. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மன்னித்தவனுக்கு ஏன் இன்னும் கோபம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

யோசேப்பைப் பாருங்கள். தன்னை அடிமையாக விற்றுவிட்டு, பின்னாளில் தானியம் வாங்க வந்த அண்ணன்மாரை அடையாளம் தெரிந்தும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. அவர்களில் சிமியோனைக் காவலில் வைத்தார், தம்பி பென்யமீனை அழைத்து வரச் சொன்னார், தனியே போய் அழுதார். தம்பிக்குப் பதில் தானே அடிமையாக இருக்கிறேன் என்று அண்ணன்மாரில் ஒருவரான யூதா சொன்ன பிறகுதான் தான் யாரென்று சொன்னார். அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்க்க அவருக்கே அவ்வளவு நாள் ஆனது. நமக்கு மட்டும் ஒரே ராத்திரியா? நான் இப்போது மாதம் ஒருமுறை அப்பாவைப் பார்க்கிறேன். வாசலில் உட்கார்ந்து கோப்பி குடிப்போம். கார் சாவி என் கையிலேயே இருக்கும்.

தாய் தகப்பனைக் கனம்பண்ணும் கட்டளையையும் இப்படித்தான் காட்டி வாயடைப்பார்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை அதே மூச்சில் படிப்பவர் குறைவு.

அப்புறம், தூக்கமின்மை, திடீர்ப் பயம் எல்லாவற்றையும் விசுவாசக் குறைவு, பிசாசு என்று முத்திரை குத்துவது. உடம்பு பழைய ஆபத்தை மறக்காமல் காவல் நிற்கிறது, அவ்வளவுதான். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் மெழுகுவத்தி ஏற்றுகிறோம்; அதற்காக இனிப்புநீர் மாத்திரையை நிறுத்துகிறோமா? ஜெபம் இருக்கட்டும், ஆலோசகரும் வேண்டும். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்து, மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம்.

காயம் ஆறும் முன்பே மேடையேறி சாட்சி சொல்ல வேண்டாம். ஆராதனை முடிவதற்குள் வாட்ஸ்அப்பில் சுற்றும். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

கடைசியாக, குடும்ப மானத்துக்காக மூடி மறைப்பது. தாவீது ராஜாவின் மகன் அம்னோன் தன் தங்கை முறையான தாமாரைக் கெடுத்தபோது, அவன் உன் சகோதரன், பேசாமல் இரு என்றுதான் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் சொன்னான். அவள் அப்சலோம் வீட்டிலேயே தனிமையில் வாடினாள். உங்களிடம் அத்துமீறியவர் இன்றும் ஞாயிறு பள்ளியிலோ உறவிலோ பிள்ளைகளோடு புழங்குகிறார் என்றால், அது உங்கள் பழைய கதை மட்டும் இல்லை. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கென்று மலேசியாவில் 2017-இல் தனிச் சட்டமே வந்தது. தெரிந்தும் புகார் தராமல் இருப்பது அதன்படி குற்றம். போலீசுக்குப் போகலாம், அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999-ஐயும் அழைக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. 24 மணி நேரமும் எடுப்பார்கள்.