ஹேவயர்: கட்டுக்கம்பியை வைத்துப் படிக்க வேண்டிய சொல்

சேரன்மகாதேவியில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். 'ஹேவயர்' என்று வந்தால் எல்லாருமே 'பழுது' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பிடிக்க, முதலில் சொல்லை இரண்டாக உடையுங்கள்: ஹே, வயர். ஹே என்றால் மாட்டுக்காகக் காயவைத்த புல். நம்ம வைக்கோலுக்கு அங்கே ஸ்ட்ரா என்று வேறு பெயர், இரண்டையும் குழப்ப வேண்டாம். வயர் என்பது அந்தப் புல்லை அமுக்கிக் கட்டுகிற மெல்லிய கம்பி.

பிசான அறுப்பு முடிந்ததும் வயலுக்குள் வைக்கோல் கட்டும் மெஷின் இறங்குமே, அது கயிறு சுற்றிக் கட்டுகிறது. அதற்கு முன்னால் வைக்கோலையே முறுக்கிப் பிரியாக்கிக் கட்டிப் படப்பில் ஏற்றினோம். அமெரிக்காவில் அந்த வேலைக்குக் கம்பி. அங்கே காட்டில் மரம் வெட்டுகிற முகாம்களுக்கு மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனம் கட்டுக் கட்டாகப் போகும், பிரித்த கம்பி குவிந்து கிடக்கும். எது உடைந்தாலும் அந்தக் கம்பியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி வேலையை ஓட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இப்படியே ஒப்பேற்றுகிற முகாமை 'ஹேவயர் அவுட்ஃபிட்' என்று இளக்காரமாகச் சொன்னார்கள். 1905இல் அமெரிக்க வனத்துறை வெளியிட்ட மரவெட்டுச் சொல் பட்டியலிலேயே அது இருக்கிறது.

இதை நம்ம ஊரில் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது பழைய பம்புசெட் அறைக்குப் போங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு கட்டுக்கம்பியில் தொங்கும், ஃபியூஸ் கட்டையிலும் கம்பி, பைப் வாயில் சைக்கிள் டியூபைச் சுற்றி அதன் மேலும் கம்பி. எங்கள் சித்தப்பா வயலில் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் மோட்டார் தானாக ஓடியது, தானாக நின்றது, மறுபடி ஓடியது. "ஏல, மோட்டாருக்குக் கிறுக்கு புடிச்சிட்டுல" என்றார். ஹேவயருக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒட்டுப்போட்ட பொருள் என்றிருந்த சொல் ஒழுங்காக ஓடாத பொருளுக்கும் வந்து, கடைசியில் கட்டுப்பாடு இழந்து தாறுமாறாக ஆடுவதையும் குறிக்கத் தொடங்கியது. சுருட்டி வைத்த கட்டுக்கம்பியின் கட்டை அவிழ்த்துப் பாருங்கள் (முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு), நுனி துள்ளித் திமிறி எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாது. அந்தத் துள்ளலை மனதில் வைத்துக்கொண்டால் பொருள் மறக்காது.

அப்புறம், எங்கே போடுவது? மோட்டார் அடியோடு ஓடவில்லை என்றால் போடாதீர்கள், ஓடிக்கொண்டே தப்பாக ஓடினால் போடுங்கள். போன் திரை யாரும் தொடாமலே தானாக ஓடுகிறது, மழை வந்ததும் வீட்டு லைட்டெல்லாம் மங்கி மங்கி எரிகிறது, ஒரு பஸ் வராததால் அன்றைய திட்டமே குலைந்துபோகிறது — எல்லாம் ஹேவயர்தான். முன்னால் 'கோ' என்ற வினை வரும்: 'த மோட்டார் வென்ட் ஹேவயர்', 'எவ்ரிதிங் ஹேஸ் கான் ஹேவயர்'. பிள்ளைகள் 'ஹேவயர்டு' என்று எழுதுகிறார்கள், அப்படி ஒரு சொல் கிடையாது. எழுதும்போது நடுவில் இடம் விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள்.

கடைக்கு வாரண்டி கேட்டுக் கடிதம் எழுதும்போது மட்டும் இது வேண்டாம், பேச்சு வழக்கின் வாடை அடிக்கும். அங்கே 'ஃபால்ட்டி' அல்லது 'டிஃபெக்டிவ்' போடுங்கள். டிஃபெக்டிவ் லத்தீனில் 'குறைபடுதல்' என்ற வினையிலிருந்து வந்தது. மிக்சியில் ஒரு பாகமே சரியில்லாமல் வந்திருந்தால் அதுதான் பொருத்தம்.