ரோந்துக் கப்பலின் பழைய வாழ்க்கையைத் தேடிப் பிடிப்பது எப்படி?

காலிமுகத்திடலில் நிற்கும்போது தூரத்தில் சாம்பல் நிறக் கடற்படைக் கப்பல் ஒன்று போனால், அது புதிது என்று எண்ணிவிடாதீர்கள். இலங்கைக் கடற்படையின் பெரிய ரோந்துக் கப்பல்களில் பல, வேறொரு நாட்டில் முழுதாக உழைத்துவிட்டு வந்தவை. அந்தப் பழைய கதையை வீட்டிலிருந்தே தேடி எடுக்கலாம்.

பெயரை வைத்துத் தொடங்காதீர்கள், குழம்பிப்போவீர்கள். கஜபாகு என்று தேடினால் இரண்டு கப்பல்கள் வரும்: ஒன்று இரண்டாம் உலகப் போரின்போது கனடாவில் கட்டப்பட்டு, இஸ்ரேலிடம் இருந்து, 1959 இல் இலங்கை வாங்கியது, மற்றது 2019 இல் பணியில் சேர்ந்தது. அதனால் முகப்பில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய கஜபாகு என்றால் பி626. (துறைமுக வாசலில் கமராவைத் தூக்க வேண்டாம், கடற்படை வெளியிடும் படங்களே போதும்.)

அப்புறம் அந்த இலக்கத்தோடு முந்தைய பெயரைத் தேடுங்கள். பி626 அமெரிக்கக் கரையோரக் காவல்படையில் ஷெர்மன், இலக்கம் 720, வெள்ளை உடலில் சரிந்த சிவப்புப் பட்டையோடு 1968 இலிருந்து 2018 வரை ஐம்பது வருடம் ஓடியது. 1970 இல் வியட்நாம் போரில் ஆயுதம் கடத்திய கப்பலொன்றை மூழ்கடித்ததும், 2007 இல் பனாமாவுக்கு அப்பால் பெருந்தொகைக் கொக்கெயினோடு சரக்குக் கப்பலைப் பிடித்ததும் இதே கப்பல்தான். பழைய பெயர் தெரியாவிட்டால் இதெல்லாம் கண்ணில் படவே படாது.

மூன்று திகதிகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: ஓய்வு பெற்றது, கைமாறியது, புதுக் கொடியில் சேர்ந்தது. பலர் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். சமுதுர (பி621) 2001 இல் கரேஜஸ் என்ற பெயரில் ஓய்வு பெற்று, 2004 இல்தான் இலங்கைக்குக் கைமாறியது.

போர்க்காலத் தகவலில் மட்டும் அவசரப்படாதீர்கள். கொழும்பிலேயே கட்டிய சாகரவர்தன 1994 இல் மன்னார்க் கடலில் கடற்புலிகளின் தாக்குதலில் மூழ்கியது. இப்படியான சம்பவங்களுக்கு இரு தரப்பும் அன்று சொன்னதை வாசித்து, இரண்டிலும் ஒத்துவருவதை மட்டும் எடுங்கள்.

எங்காவது தடம் அறுந்தால் உடன்பிறப்புக் கப்பல்களைப் பாருங்கள். ஷெர்மனோடு சேர்த்து அந்த வகையில் 12 கப்பல்கள். மற்றவை பிலிப்பைன்ஸ், நைஜீரியா, பங்களாதேஷ், வியட்நாம் என்று போயின. இன்னொன்று விஜயபாகுவாக இங்கேயே இருக்கிறது. ஒன்றின் பதிவில் விட்டுப்போன இயந்திர விவரமோ கட்டிய தளமோ அநேகமாக இன்னொன்றின் பதிவில் கிடைத்துவிடும்.